வேர் பிடித்த கூந்தல்

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. காலை எட்டு மணிக்கு அவன் இரண்டாவது மாடிக்குப் படியேறினான். தலை வழியாக மாட்டும் எதையும் போட்டு வரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. பின்னால் மனைவி, கழுத்துக்கு வைக்கும் வளைந்த தலையணையை இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தாள். படிக்கட்டுச் சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. மேலே போகப் போக மருந்து வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனையும் இருந்தது.

காய்ச்சிய பசையின் வாசனை.

பதினேழு வருடமாக மூக்கில் ஏறிய வாசனைதானே, சட்டையில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். முகத்துக்கு நேராக எல்லாரும் 'சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கடிகாரம்'. இயந்திரம் நின்றால் கையிலிருக்கும் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, அது மறுபடி ஓடும்வரை வினாடி எண்ணிக்கொண்டு நிற்பவன் என்பதால் வந்த பெயர். அது அவன் காதுக்கும் வந்திருந்தது. உள்ளூர அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

முடி கொட்ட ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். சீப்பில், சோப்பில், சாப்பாட்டுத் தட்டில் என்று உதிர்ந்து உதிர்ந்து முன்னந்தலை வெட்டவெளியாகிவிட்டது. அடுத்த வருடம் மூன்று தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து அவனைத் தலைமை மேலாளர் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நட்ட முடி முழுசாக வளர எட்டு, பத்து மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னபோது, அதற்குள் ஆள் புதுசாகிவிடலாம் என்று கிளம்பிவிட்டான். அலுவலகத்தில் முதுகுவலி என்று சொல்லி மூன்று வாரம் விடுப்பு.

டாக்டர் பேனாவால் நெற்றியில் கோடு போட்டார். ஊசிகள் போட்டு உச்சி முதல் பிடரி வரை மரத்துப்போக வைத்தார்கள். கட்டிலில் முகம் வைக்க ஓட்டை இருந்தது. குப்புறப் படுத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடரியில் சின்ன மோட்டார் ஒன்று கிர்ரென்று சுற்றி ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுத்தது. நாலு மணி நேரம். மரத்துப்போன தலையில் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றைத் தவிர.

யாரோ பின்னால் நின்று அவன் தலைமுடியை மூன்று பிரிவாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னலுக்குப் பிரிப்பதுபோல. அவனுக்கு இருந்ததோ ஒட்ட வெட்டிய அரை அங்குல முடி.

மதியம் மல்லாக்கப் படுக்க வைத்து நட ஆரம்பித்தார்கள். கண்ணை மூடிக் கிடந்தவன் காதில் மூத்த நர்ஸ் கிசுகிசுப்பது விழுந்தது.

"டாக்டர், இது இவரோட முடிதானா? பின்னாடி பாதி நரை. தட்டுல எல்லாம் கன்னங்கரேல்னு இருக்கு."

"ஈரத்துல அப்படித்தான் தெரியும். வைங்க."

அவர்கள் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்மானம் போட்டுக் கொடுத்தாள். தலையைத் தொடக்கூடாது, குனியக்கூடாது, வியர்க்கக்கூடாது. அரை மணிக்கொருதரம் உப்புநீரைப் பூவாளி மாதிரி தெளிக்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கி முகமே பூசணிக்காய் ஆனது. கண் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். கல்யாண போட்டோவை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சோறு போட வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்தால் நெற்றி வலித்தது.

நாலாம் நாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்தபடி கண்ணயர்ந்தவனை, நட்ட இடத்தில் ஏதோ சுண்டி எழுப்பியது. அரிப்பு என்றுதான் முதலில் நினைத்தான்.

அரிப்பில்லை. இழுப்பு.

ஒரே நேரத்தில் எல்லா வேரையும் பிடித்து யாரோ முன்னால் இழுத்தார்கள். கழுத்து தலையணையை விட்டு எழும்பியது. ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இழுப்பு சரியாக ஒரு நிமிடம் இருந்துவிட்டு விட்டது. பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்று பதினொன்று.

அப்படியென்றால் ஆரம்பித்தது மூன்று பத்து. அந்த நேரத்தை அவன் மறந்திருக்க நியாயமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அறிக்கையில் தன் கைப்பட எழுதிய நேரம் அது.

அட்டையை மடித்துப் பசை ஒட்டும் பெரிய இயந்திரத்தில் அப்போது ஒருத்தி வேலை பார்த்தாள். பின்னினால் இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடி என்பதால் எல்லாருக்கும் அவள் 'சடையக்கா'. தினமும் சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டு, மேலே வலைத்தொப்பி மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள். அந்த இயந்திரத்தின் சுழலும் தண்டுக்கு ஓர் இரும்பு மூடி உண்டு. அடியில் பசை சிந்தி அடைக்கும்போதெல்லாம் நாலு திருகாணியைக் கழற்றி, சுரண்டி, மறுபடி மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு நிமிடம். கடிகாரத்துக்குப் பொறுக்கவில்லை. மூடியைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னான். ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து சுரண்டுங்கள் என்றான்.

அப்படிச் சொன்ன மூன்றாம் நாள் மதியம் சடையக்கா குனிந்தாள். தண்டு முதலில் தொப்பியைப் பிடித்தது. பிறகு மற்றதை.

அவன் ஓடிப் போனபோது அவள் கண் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வாய் அசைந்தது. அவன் முதலாளிக்குப் போன் போட்டான். அவர் அதிகம் பேசவில்லை. "அதிகாரிங்க வர்றதுக்குள்ள எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும்," என்று மட்டும் சொன்னார். அவனுக்குப் புரிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போன கையோடு எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான். தண்டில் சுற்றியிருந்த தொப்பியைப் பிளேடால் அறுத்தெடுத்துக் கொதிகலனில் போட்டான். மூடியை எடுத்து வந்து நாலு திருகாணியையும் தானே முடுக்கினான். ஒன்பது நிமிடத்தில் வேலை முடிந்தது.

தொப்பி அணியாமல், மூடியின் இடுக்கில் தலையை விட்டதால் நேர்ந்த விபத்து என்று எழுதினான். மூடியைக் கழற்றிய மெக்கானிக்கைத் தூரத்துத் தொழிற்சாலைக்கு மாற்றினான். போதாதென்று நுழைவாயிலில் ஒரு பலகையும் வைத்தான். அவள் புகைப்படம், அடியில் பெரிய எழுத்தில், 'தொப்பி அணியவில்லை. ஓர் உயிர் போனது.'

அதே தொழிற்சாலையில் எண்ணிக்கைப் பிரிவில் வேலை பார்த்த அவள் தங்கை தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. அன்று காலை அக்காவுக்குச் சடை பின்னி, கொண்டை போட்டு, தொப்பி மாட்டி விட்டதே தான்தான் என்று அவள் விசாரணையில் சொன்னாள். வாசலில் அக்காவே கழற்றியிருக்கலாமே என்று கேட்டு முடித்துவிட்டார்கள். அவள் அழவில்லை. அக்கா நின்ற இடத்திலேயே தன்னைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். மறுக்க அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அந்த இயந்திரத்தில்தான் நிற்கிறாள்.

ஐந்தாம் நாளும் மூன்று பத்துக்கு இழுத்தது. ஆறாம் நாளும்.

எட்டாம் நாள் சாயங்காலம் மனைவி அவன் தலையணையிலிருந்து எதையோ இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். தூக்கிக்கொண்டே போனாள். அவள் கை தலைக்கு மேல் போன பிறகும் அதன் மறுமுனை படுக்கையில்தான் கிடந்தது.

"என்னங்க, நான் இல்லாதப்போ யாரு வந்தா?"

யாரும் வரவில்லை என்றான். அவள் தோள்வரை வெட்டிய தன் முடியைத் தொட்டுக் காட்டினாள். அந்த முடியைக் காகிதத்தில் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அன்று கூடத்தில் படுத்துக்கொண்டாள். சந்தேகம் வந்தால் சத்தம் போடாதவள், மடித்து வைக்கிறவள். அவள் அந்தப் பக்கம் போனதும் அவன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். முடியின் நுனியில் கடுகளவு உருண்டையாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் கிள்ளி மோந்தான்.

பசை.

பத்தாம் நாள் பொருக்குகளைக் கழுவி எடுக்க வேண்டும். மனைவிக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் பாட்டிலைப் பார்த்துச் சொன்னபடி நுரையைத் தடவி, ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். குளியலறையில் மத்தியான வெளிச்சம். அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் விரல் நுனியால் வட்ட வட்டமாகத் தேய்க்க, பொருக்குகள் இளகி உதிர்ந்தன.

திடீரென்று விரல்கள் நின்றன.

"என்ன?" என்றான்.

ஏதோ நீளமாக அவன் கன்னத்தில் வழிந்து, மார்பில் ஒட்டி, தொடைக்கு வந்தது. தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தான். துடைத்த கையில் சுற்றிக்கொண்டது. அவன் நெற்றியிலிருந்துதான் அது வந்துகொண்டிருந்தது. ஒன்று. பிறகு நாலைந்து. பிறகு ஒரு கற்றை.

மனைவி கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டினாள். வெட்டியதைத் தரையில் போட்டபோது அது மெல்லச் சுருண்டு மூன்று பிரிவானது. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

டாக்டருக்குப் போன் செய்து, முடி வளர்ந்துவிட்டதே என்று மட்டும் சொன்னான். வைத்த முடி மூன்றாவது வாரத்தில் ஒருமுறை கொட்டித்தான் மறுபடி முளைக்கும், உங்களுக்குக் கொட்டாமலே வருகிறதென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றார் அவர். அதிலிருந்து தினமும் காலையில் வெட்டிவிடுவது வழக்கமானது. யாருடைய முடி என்று மனைவி கேட்டாள். தெரியாது என்றான். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவள். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது.

விடுப்பு முடிந்து இருபத்திரண்டாம் நாள் வேலைக்குப் போனான். நெற்றிக்கு மேல் ஓர் அங்குலம், அடர்த்தியாக, எண்ணெய் தேய்த்ததுபோல் கறுப்பு. முதுகுவலிக்குப் போனவர் தலைமுடியோடு வந்திருக்கிறாரே என்று கணக்குப் பிரிவில் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். அவன் கண்ணாடி அறையை விட்டு இறங்கவில்லை. மூன்று மணிக்குக் கதவை உட்பக்கம் தாழிட்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மூன்று பத்து.

வீட்டில் இழுத்தது எல்லாம் விளையாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

கயிறு கட்டிய கன்றுக்குட்டிபோலத் தலை முன்னால் போக, உடம்பு பின்னால் போனது. தாழ்ப்பாளைத் திறந்தது அவன் கைதான். படிகளில் ஏறக்குறைய விழுந்து இறங்கினான். பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். கடிகாரம் குனிந்துகொண்டு வேகமாக வந்தால் யாரையோ பிடிக்க வருகிறது என்று அர்த்தம். உதவிக்குக் கூப்பிட வாய் திறந்தான். சத்தம் வரவில்லை.

பெரிய இயந்திரத்தின் முன் அவன் முழங்கால் மடங்கியது.

மூடி இருந்த இடத்தில் இருந்தது. நாலு திருகாணியும் இருந்தன. மூடியில் காற்றுக்காக விட்ட சின்னச் சின்னத் துளைகள். ஓர் அங்குல முடி அந்தத் துளைகளுக்குள் புகுந்தது. புகுந்துகொண்டே இருந்தது. நெற்றி இரும்பில் மோதியது. உள்ளே தண்டு சுற்றுவது எலும்பில் கேட்டது.

பின்னால், மிக அருகில், ஒரு பெண் குரல். தங்கை அங்கேதானே நிற்பாள்.

"நிறுத்து," என்றான். "பட்டனை அமுக்கு."

"தலையில தொப்பி இருந்துச்சா?"

கத்தாமல், காதோடு கேட்டாள்.

"நிறுத்தும்மா..."

தண்டு இன்னொரு சுற்று சுற்றியது. தோல் கிழிவதை உணர்ந்தான். வெதுவெதுப்பாகக் கண்ணில் இறங்கியது.

"தலையில தொப்பி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"கேக்கல."

"இருந்துச்சு! நான்தான் அறுத்து எடுத்தேன். நான்தான் எரிச்சேன்."

"மூடி?"

"நான்தான் கழட்டச் சொன்னேன். அப்புறம் நான்தான் மாட்டினேன்."

"யாரு சொல்லி?"

அதையும் சொன்னான். சொல்லி முடித்ததும் தண்டு நின்றது.

கண் விழித்தபோது மருத்துவமனையில் இருந்தான். கோடு போட்டு நட்ட இடம் முழுவதும் தோலோடு பிய்ந்து போயிருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், இனி அங்கே எதுவும் முளைக்காது என்றார்கள். மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலையில் நாற்பது பேர் காதால் கேட்டது அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"உண்மையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

தலையாட்ட முடியவில்லை. கண்ணை மூடித் திறந்தான். அவள் பையிலிருந்து வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து அவன் வயிற்றின்மேல் வைத்தாள்.

எழுதிக் கொடுத்தான். பலகையை அகற்றினார்கள். அகற்றிய மறுநாள் தங்கை அவனைப் பார்க்க வந்தாள். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தாள். உன் கேள்விக்கு இரண்டு வருடம் கழித்தாவது பதில் சொல்லிவிட்டேன் என்று அவன் முனகினான். மன்னிப்பு மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று ஏங்கியது அவன் குரல்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் எதுவும் கேக்கல சார். நீங்க தலைய வச்ச உடனே சிவப்பு பட்டனை அமுக்கிட்டேன். கரண்டு போயிருச்சு. மெஷின் முழுக்க அணைஞ்சிருச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா அது மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் தூரத்துல நின்னு கத்திக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்ப என் பக்கத்துல..."

"உங்க பக்கத்துல யாரும் இல்ல சார்."

அவள் போய்விட்டாள். அவன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஏழாவது வாரம் நடமாட முடிந்தது. எட்டாவது வாரம் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். போவதற்கு வேலை இல்லை. வழக்கு இருந்தது. மனைவி சமைத்து வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கூடத்திலேயே படுத்தாள். மூன்று பத்து வரும், போகும். தலையில் ஒன்றும் நேரவில்லை. என்னோடு சடையக்காவின் பகை தீர்ந்துவிட்டது என்று நினைத்தான். அந்த நிம்மதிகூடத் தகுதியில்லாத நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுவிசாரணை ஒரு காலை நேரத்தில் நடந்தது. நீளமான மேசை, மின்விசிறி, எழுதிக்கொண்டிருக்கும் மூன்று அதிகாரிகள். அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தான். தூரத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த மெக்கானிக்கும் சொன்னார். பிறகு முதலாளியைக் கேட்டார்கள். அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த மதியம் தனக்கு எந்தப் போனும் வரவில்லை என்றார். மூடியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஆள் தன் தப்பை மறைக்க அடுத்தவர் பெயரை இழுக்கிறார் என்றார்.

"அந்தம்மா தொப்பி போட்டிருந்தாங்களா இல்லையான்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

அவர் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது.

யோசிக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சாய்ந்துகொண்டே போனது. தாடை மேலே எழும்பி, தொண்டை விறைத்து, கண்கள் மின்விசிறியைப் பார்த்தன. யாரோ பின்னால் நின்று கொத்தாகப் பிடித்து இழுப்பதுபோல, நாற்காலியின் முன்கால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அதிகாரி ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார்.

முதலாளியின் தலையில் இருபது வருடமாக ஒரு முடிகூடக் கிடையாது.